கேதார்காந்தா குளிருக்கு எந்த ஸ்லீப்பிங் பேக்? ‘மைனஸ் 10’ என்ற எண்ணை நம்பலாமா?

கேள்வி: டிசம்பர் கடைசியில் உத்தராகண்ட் இமயமலையில் இருக்கும் கேதார்காந்தாவுக்கு டிரெக் போகிறேன். ஆன்லைனில் ‘மைனஸ் 10 டிகிரி’ என்று போட்ட ஸ்லீப்பிங் பேக் 2,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடையில் ‘கம்ஃபர்ட் 0’ என்று போட்ட பை அதைப்போல மூன்று மடங்கு விலை. எதை வாங்குவது? அதையே கொடைக்கானல், மூணாறு பக்கம் கேம்ப்பிங் போகும்போதும் பயன்படுத்தலாமா?

பதில்: அந்த 2,500 ரூபாய் பையை வாங்காதீர்கள். கம்ஃபர்ட் 0 பை (அதாவது 0 டிகிரி வரை குளிராமல் தூங்கக்கூடியது) நல்ல பைதான், ஆனால் டிசம்பர் கேதார்காந்தாவுக்கு அது தனியாகப் போதாது. வருடத்துக்கு ஒரு தடவைதான் இமயமலைப் பக்கம் போவீர்கள் என்றால், பனிக்கான பையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பணத்தில் ஒரு நல்ல பாயும் (ஸ்லீப்பிங் மேட்டைச் சொல்கிறேன்), நம் ஊர் மலைகளுக்குத் தோதான கம்ஃபர்ட் 5 பையும் வாங்குங்கள். இரண்டும் கேதார்காந்தாவிலும் கை கொடுக்கும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அங்கே எவ்வளவு குளிரும் என்ற கணக்கு. டிரெக் தொடங்கும் சாங்க்ரி கிராமம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,950 மீட்டர். கடைசி முகாம் 3,400 மீட்டரை ஒட்டி. உச்சி 3,800 மீட்டருக்குச் சற்று மேலே. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரை டிகிரி இறங்கும். அதாவது சாங்க்ரியில் இரவு 1 டிகிரி என்றால் மேல் முகாமில் மைனஸ் 8 வாக்கில் இருக்கும். டிசம்பர் கடைசி, ஜனவரி இரவுகளில் அங்கே மைனஸ் 5 முதல் மைனஸ் 10 வரை எதிர்பார்த்துப் போவதுதான் சரி. மேகமும் காற்றும் இல்லாத தெளிந்த இரவுதான் அதிகம் குளிரும். அப்போது கனமான குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கிவிடும். ஏரிக்கரை, பள்ளம், புல்வெளியின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் போட்ட கூடாரம், நூறடி மேலே மரங்களுக்கு நடுவே போட்டதைவிடக் குளிராக இருப்பது இதனால்தான்.

இப்போது பையின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு வருவோம். ஏமாற்று வேலை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

ஐரோப்பாவில் 2002 முதல் இ.என். 13537 என்ற தரநிலை இருந்தது. இப்போது அதன் இடத்தில் ஐ.எஸ்.ஓ. 23537 இருக்கிறது. உடலைப் போலச் சூடேறும் ஒரு பொம்மைக்கு நீண்ட உள்ளாடையும் சாக்ஸும் மாட்டி, பைக்குள் வைத்து, குளிர் அறையில் ஒரு பாயின் மேல் கிடத்தி, எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று அளக்கிறார்கள். அதிலிருந்து மூன்று எண்களைக் கணக்கிடுகிறார்கள். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் தளர்வாகப் படுத்து இரவு முழுக்கக் குளிராமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு நடுங்காமல் சமாளிக்கும் எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பது ஆறு மணி நேரம் உயிர் போகாமல் தாங்கும் எல்லை. விரல்கள் உறைந்து போகலாம், தூக்கம் என்ற பேச்சே இல்லை.

ஒரே பைக்கு இந்த மூன்று எண்களும் எப்படி விலகி நிற்கின்றன பாருங்கள். கம்ஃபர்ட் 0 என்றால் லிமிட் சுமார் மைனஸ் 6, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 22, 23 வரை போகும். ஆன்லைனில் ‘மைனஸ் 10’ என்று ஒற்றை எண்ணை மட்டும் போட்டு, அது எந்த எண் என்று சொல்லாமல் விட்டிருந்தால், அது எக்ஸ்ட்ரீம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்தப் பையின் கம்ஃபர்ட் 8, 10 டிகிரியாக இருக்கும். சோதனையே செய்யாமல் விற்பவர் இஷ்டத்துக்கு எழுதிய எண்ணாகவும் இருக்கலாம். பல சமயம் அதுதான் உண்மை.

எண்ணை நம்ப முடியாதபோது எடையைப் பாருங்கள். எடையில் பொய் சொல்வது கடினம். பாலியெஸ்டர் இழை அடைத்த மம்மி வடிவப் பை (தலைமூடியோடு, கால் பக்கம் குறுகி வருவது) கம்ஃபர்ட் 0 தர வேண்டுமானால் ஏறக்குறைய 1.7 முதல் 2 கிலோ இருக்கும். கம்ஃபர்ட் மைனஸ் 10 என்றால் இரண்டரை கிலோவுக்குக் குறையாது. 1.2 கிலோ எடையில் செவ்வக வடிவில் ஒரு பாலியெஸ்டர் பை ‘மைனஸ் 10’ என்று சொன்னால் அது நடக்கிற காரியமில்லை. டெகாத்லான் போன்ற விளையாட்டுப் பொருள் கடைகளில் பெயரோடு வரும் எண் பெரும்பாலும் கம்ஃபர்ட் எண்ணாகவே இருக்கும். அதனால்தான் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர்களுடைய பை ‘சூடு குறைந்தது, விலை அதிகம்’ என்று தோன்றுகிறது. உண்மை அதற்கு நேர்மாறு.

ஆண்கள் லிமிட் எண்ணைப் பார்த்து வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சோதனைக் கணக்கில் வரும் சராசரி ஆண் 25 வயது, 73 கிலோ, வயிறு நிறையச் சாப்பிட்டவர். நீங்கள் 3,400 மீட்டரில், ஆறு மணி நேரம் பனியில் நடந்த களைப்போடு, பசி மந்தமாகி, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் படுக்கப் போகிறீர்கள். உடல் அந்த அளவுக்கு வெப்பம் உண்டாக்காது. வருடம் முழுக்க 30 டிகிரியில் வாழ்கிற நமக்கு குளிர் பழக்கமும் இல்லை. ஆணோ பெண்ணோ, கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். எதிர்பார்க்கும் குளிரைவிட 5 டிகிரி கூடுதலாகத் தாங்குமா என்று பாருங்கள்.

டவுனா, சிந்தெடிக்கா? டவுன் என்பது வாத்து வகைப் பறவைகளின் இறகுக்கு அடியில் இருக்கும் மென்தூவி. எடைக்கு எடை அதைவிடக் கதகதப்பானது எதுவும் இல்லை, சின்னதாக மடங்கும், ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல வருடம் உழைக்கும். ஈரம் பட்டால் கட்டி கட்டியாக ஒட்டி, பெரும்பகுதி சூட்டை இழந்துவிடும் என்பதுதான் குறை. சிந்தெடிக் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், விலை குறைவு. ஆனால் கனம் அதிகம், அமுக்கி அமுக்கி எடுப்பதில் சில வருடங்களிலேயே தட்டையாகிவிடும்.

பனி என்றால் ஈரம், ஆகவே இமயமலைக்கு சிந்தெடிக் என்று நினைக்கத் தோன்றும். அது தப்பு. மைனஸ் 8 டிகிரியில் பனி பொடிபோல் உலர்ந்து கிடக்கும், தட்டிவிட்டால் போய்விடும். டவுனுக்கு அது நல்ல இடம். தொல்லை கொடுப்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மூடுபனியும் தூறலும்தான். 8 டிகிரியில் கூடாரத்துக்குள் எல்லாமே பிசுபிசுக்கும்போது சிந்தெடிக் பைதான் நிம்மதி.

டவுன் பை பார்க்கும்போது ஃபில் பவர் என்று 650, 700, 800 என்று எழுதியிருப்பார்கள். ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் டவுன் எத்தனை கன அங்குலம் விரியும் என்ற அளவு அது. 800 என்றால் 28 கிராம் சுமார் 13 லிட்டர் இடத்தை நிரப்பும். ஆனால் ஃபில் பவர் தரத்தைத்தான் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. 800 ஃபில் பவர் டவுன் 250 கிராம் மட்டுமே அடைத்த பை கோடைக்குத்தான் ஆகும். உள்ளே எத்தனை கிராம் டவுன் என்று தனியாகக் கேளுங்கள். 800 ஃபில் பவரில் சுமார் 400 கிராம் இருந்தால் கம்ஃபர்ட் 0 பக்கம் வரும், 600 கிராம் என்றால் மைனஸ் 5 பக்கம். இந்த விவரத்தைத் தராத விற்பனையாளரிடம் டவுன் பை வாங்க வேண்டாம். பக்கத்தில் 90/10 என்று இருந்தால் 90 சதவீதம் தூவி, 10 சதவீதம் சிறு இறகு. 50/50 என்றால் பாதி இறகு. இறகுத் தண்டு துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

பாய் விஷயத்தைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். படுத்ததும் உடல் எடையில் முதுகுக்குக் கீழே இருக்கும் டவுனோ இழையோ அப்பளமாக நசுங்கிவிடும். நசுங்கிய இழைக்குள் காற்று இல்லை. காற்று இல்லாவிட்டால் சூடும் இல்லை. அடியிலிருந்து ஏறும் குளிரைத் தடுப்பது முழுக்கப் பாயின் வேலை. பையின் கம்ஃபர்ட் எண்ணே நல்ல பாயின் மேல் வைத்து அளந்ததுதான் என்பதால், பாய் மோசமானால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பாதி ராத்திரியில் ‘பை சரியில்லை’ என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்குப் பாய்தான் சரியில்லை. எங்கே குளிர்கிறது என்று கவனியுங்கள். இடுப்பும் தோளும் தரையில் படும் இடத்தில் குளிர்ந்தால் பாய் போதவில்லை, மார்பும் முழங்காலும் குளிர்ந்தால் பை போதவில்லை.

பாயின் தடுப்புத் திறனை ஆர் மதிப்பு என்று சொல்வார்கள். சாதாரண 10 மில்லிமீட்டர் ஃபோம் பாய்க்கு 1 முதல் ஒன்றரை வரை இருக்கும். முட்டை அட்டை மாதிரி குழி குழியாக மடங்கும் ஃபோம் பாய் 2 பக்கம். பனித்தரைக்கு நாலரை, ஐந்து வேண்டும். ஒரு பாயின் மேல் இன்னொன்றைப் போட்டால் இரண்டின் ஆர் மதிப்பையும் அப்படியே கூட்டிக்கொள்ளலாம். ஆகவே 3.5 மதிப்புள்ள காற்றடைக்கும் பாய் ஒன்றும், கீழே ஒரு சாதாரண ஃபோம் பாயும் போதும். காற்றுப் பாய் ஓட்டையானாலும் ஃபோம் இருக்கும், நடு இரவில் அது பெரிய ஆறுதல். ஒன்றை மட்டும் தவிருங்கள்: உள்ளே எந்தக் காப்பும் இல்லாத வெறும் காற்று மெத்தை. எவ்வளவு தடிமனாக இருந்தாலும் உள்ளே காற்று சுழன்று உடல் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். காற்றுப் பாயை வாயால் ஊதாமல் பம்ப் பையால் நிரப்புங்கள். மூச்சின் ஈரம் உள்ளே போய் உறையும்.

டிரெக் நடத்துபவர்கள் பெரும்பாலும் பை, பாய் இரண்டும் தருவார்கள். புறப்படும் முன்பே ‘உங்கள் பையின் கம்ஃபர்ட் எண் என்ன? பாய் எத்தனை மில்லிமீட்டர்? ஒருவருக்கு இரண்டு பாய் கிடைக்குமா?’ என்று கேளுங்கள். ‘மைனஸ் 10 பை சார்’ என்று பதில் வந்தால், அது நல்ல பையாகவே இருந்தாலும் கம்ஃபர்ட் 0க்கு மேல் நம்பாமல் திட்டமிடுங்கள்.

நீங்கள் வாங்கும் கம்ஃபர்ட் 5 பை உதவுவது இந்த இடத்தில்தான். ஒரு பைக்குள் இன்னொரு பையை நுழைத்துத் தூங்கலாம். தோராயமான கணக்கு: 21லிருந்து உள் பையின் கம்ஃபர்ட் எண்ணைக் கழியுங்கள், வருவதில் பாதியை வெளிப் பையின் எண்ணிலிருந்து கழியுங்கள். உள்ளே 5, வெளியே 0 என்றால், 21 கழித்தல் 5 என்பது 16, அதில் பாதி 8, ஆக மைனஸ் 8. வெளிப் பை அகலமாக இருந்து, உள் பை நசுங்காமல் விரிந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். இரண்டு ஜிப்பையும் ஒரே பக்கம் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவசரத்துக்கு வெளியே வருவதே பெரும்பாடு. ஃபிளீஸ் லைனர் (பைக்குள் போடும் மெல்லிய உள்ளுறை) ஒன்று சேர்த்தால் இன்னும் சில டிகிரி கூடும். பட்டு லைனர் எடை குறைவு, சுத்தத்துக்கு நல்லது. சூட்டுக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வாடகைக்கு எடுப்பதானால் டேராடூனிலும் சாங்க்ரியிலும் கடைகள் உண்டு. கடையிலேயே பையை முழுதாக உதறி விரித்து, கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். நல்ல பை புசுபுசுவென்று எழும், செத்த பை போட்டபடி கிடக்கும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். தையல்களுக்கு நடுவே இருக்கும் அறைகளில் டவுன் ஒரு பக்கம் ஒதுங்கி மறுபக்கம் துணி மட்டும் தெரிந்தால் அங்கேதான் இரவில் குளிர் இறங்கும். தையல் கோடு வெளித்துணியிலிருந்து உள்துணி வரை நேராக ஊடுருவியிருக்கும் பைகளில் கோட்டுக்குக் கோடு குளிரும். கடுங்குளிருக்கு அறைகளுக்கு இடையே தடுப்புத் துணி வைத்துத் தைத்தது வேண்டும். ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். துணியைக் கவ்வினால் வேறு பை கேளுங்கள். கையுறையோடு இருட்டில் அது நிச்சயம் மாட்டும், இழுத்தால் கிழியும். ஜிப்பின் உட்புறம் அதன் முழு நீளத்துக்கும் பஞ்சுக் குழாய் மாதிரி ஒரு தடுப்பு இருக்க வேண்டும். தோளைச் சுற்றி இறுக்கும் கழுத்துப் பட்டியும், நாடாவால் முகத்தைச் சுற்றி இறுக்கும் தலைமூடியும் வேண்டும். கழுத்துப் பட்டி இல்லாத பையில் புரளும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் சூடான காற்று கழுத்து வழியாக வெளியே போய்விடும்.

அளவும் முக்கியம். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் ஆறரை அடிக்காரருக்கான பையில் படுத்தால் காலடியில் ஒரு முழம் வெற்றிடத்தையும் அவர் உடம்பே சூடாக்க வேண்டும். அதை நாளைய உலர்ந்த துணிகளால் அடைத்துவிடுங்கள். நாளைக்குப் போடவும் சூடாக இருக்கும். எதிர்த்திசையில், கால்விரல் நுனி பையின் அடியில் முட்டித் தள்ளினால் அங்கே பஞ்சு நசுங்கி விரல் மரத்துவிடும். ஜாக்கெட் போட்டுக்கொண்டே உள்ளே படுத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பெரிய அளவு எடுங்கள். கணவன் மனைவி இரண்டு பைகளை ஜிப்பால் இணைத்துத் தூங்குவது கொடைக்கானலில் சரி, மைனஸ் 8ல் இருவர் கழுத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வழியாக எல்லாம் போய்விடும்.

இரவில் செய்ய வேண்டியது. ஸ்லீப்பிங் பேக் சூட்டை உண்டாக்காது, இருப்பதைக் காக்கும், அவ்வளவுதான். ஆகவே குளிர்ந்த உடம்போடு உள்ளே போகாதீர்கள். நெய்யோ எண்ணெயோ சேர்ந்த உணவு சாப்பிட்டு, கூடாரத்தைச் சுற்றி ஐந்து நிமிடம் வேகமாக நடந்து, வியர்க்கும் முன் நிறுத்தி, சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். பகலில் நடந்த பனியனை மாற்றியே ஆக வேண்டும். வியர்வை ஊறிய பருத்தி பனியன் விடிய விடிய காயாது. உலர்ந்த உள்ளாடை, தளர்வான ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ், குல்லா போதும். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சாக்ஸ் போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். துணியில்லாமல் படுத்தால்தான் சூடு என்பது கட்டுக்கதை.

சமையல் கூடாரத்தில் வெந்நீர் கேட்டு வாங்கி, கெட்டியான பிளாஸ்டிக் அல்லது ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாகப் பிடித்துச் சொட்டுகிறதா என்று பார்த்து, சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். மினரல் வாட்டர் பாட்டில் வெந்நீரில் சுருங்கி ஒழுகிவிடும். ஃபிளாஸ்க் எதற்கும் உதவாது, சூட்டை வெளியே விடாது. போன், பவர் பேங்க், கேமரா பேட்டரி, கான்டாக்ட் லென்ஸ் திரவம், வாட்டர் ஃபில்டர் எல்லாம் பைக்குள் வர வேண்டும். இழைக்குழாய் வைத்த ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளே வெடித்து, வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும்.

குளிர்கிறது என்று முகத்தைப் பைக்குள் புதைத்து மூச்சு விடாதீர்கள். அந்த ஈரம் முழுவதும் டவுனில் தங்கி, மூன்றாவது இரவு பை பாதித் தடிமனில் நிற்கும். மூக்கும் வாயும் வெளியே, மற்றதெல்லாம் உள்ளே. கூடாரத்தின் காற்றுத் திறப்பையும் மூடாதீர்கள். மூடினால் மூச்சின் ஈரம் உள்துணியில் உறைந்து, காலையில் பையின் மேல் உதிரும். மதிய வெயிலில் பையை உள்வெளியாகத் திருப்பி ஒரு மணி நேரம் கயிற்றில் போடுங்கள். கூடாரத்துக்குள் கரி அடுப்பு, கேஸ் அடுப்பு, பார்பிக்யூ தணல், எதுவும் கூடாது, அணைந்தது போல் தெரிந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இது கொடைக்கானல் விடுதி அறைக்கும் பொருந்தும்.

கொடைக்கானல், மூணாறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிசம்பர், ஜனவரியில் அங்கே இரவு பெரும்பாலும் 5 முதல் 10 டிகிரிக்குள் இருக்கும். கம்ஃபர்ட் 5 சிந்தெடிக் பை, ஒரு ஃபோம் பாய், ஒரு ஸ்வெட்டர் என்றால் சுகமாகத் தூங்கலாம். உறைபனி விழும் ஊட்டிப் பள்ளத்தாக்குகளுக்கு இதோடு ஃபிளீஸ் லைனர் சேர்த்துக்கொள்ளுங்கள். மைனஸ் 5 பையை அங்கே கொண்டுபோனால் வியர்த்து, ஜிப்பைத் திறந்து, பாதி ராத்திரியில் போர்வை மாதிரி மேலே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். எந்தப் பையானாலும் காட்டுக்குள் கூடாரம் போட வனத்துறை அனுமதி முதலில்.

சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் கடைசியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும், வீட்டில் பையைப் பாதுகாத்து வைப்பது. ஸ்லீப்பிங் பேக்கை டிரெக்கில் திணித்து எடுத்துப்போகும் சிறு உறையிலேயே வருடம் முழுக்க வைத்தால் டவுனும் இழையும் மீண்டும் எழும்பாது. பழைய வேட்டியில் தைத்த பெரிய பையில் தளர்வாகப் போட்டு, பீரோவின் மேல் தட்டில் வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மின்விசிறிக்குக் கீழே விரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். டவுன் பையை அடிக்கடி துவைக்காதீர்கள். துவைப்பதானால் டவுனுக்கென்று விற்கும் சோப்புத் திரவத்தில், முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினில், மென்மையான சுழற்சியில். சாதாரணச் சோப்புத்தூள், கண்டிஷனர், டிரை கிளீனிங் எல்லாம் தூவியின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். நனைந்த பையை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினால் தண்ணீர்க் கனத்தில் உள் தடுப்புகள் கிழியும், இரண்டு கைகளிலும் ஏந்தி எடுங்கள். டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு பல மணி நேரம் ஓட்டலாம். இல்லாவிட்டால் கயிற்றுக் கட்டிலில் நிழலில் விரித்து, நாளுக்கு நாலைந்து முறை திருப்பிப் போட்டு, கட்டிகளை விரலால் உதிர்த்துவிடுங்கள். மூன்று நாள்கூட ஆகும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு கட்டிகூடத் தெரியாத பிறகே மடித்து வையுங்கள்.